ஒரே கார், ரோடும் டிராக்கும்: கட்டுப்படியாகும் டயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் முழுக்க ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயம்பேடு டிராஃபிக். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக். இரண்டுக்கும் ஒரே கார், அதே நாலு டயர். இந்தப் பக்கம் அப்படி ஓட்டுபவர்களுக்கானது. அசல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர்தான். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே அன்று வரிசையில் நிற்பவை பெரும்பாலும் வெர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, ஐ20 என் லைன், பழைய போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை. அதனால் பதில்களும் அந்த வண்டிகளை மனதில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. பின்சக்கர இழுவை உள்ள நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாலும் முக்கால்வாசி விஷயம் பொருந்தும்.

முதல் தடவை டிராக்குக்குப் போகிறேன். அதற்காகப் புது டயர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இப்போது இருக்கும் டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின் உயரம்) 4 மி.மீ.க்கு மேல் இருந்து, பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இல்லாமல், ஐந்து வயதுக்குள் இருந்தால் அதிலேயே போங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், நல்ல காற்றழுத்தமானி ஒன்று வாங்குங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.717 கி.மீ., மொத்தம் 12 திருப்பங்கள். அவற்றில் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திருப்புவது என்று பிடிபடுவதற்கே முதல் நாள் போய்விடும். அந்த நாளில் விலை உயர்ந்த டயர் உங்களுக்குச் சொல்லித் தரப்போவது எதுவும் இல்லை.

கம்பெனியில் போட்டுவரும் டயர் டிராக்கில் ஏன் தாங்குவதில்லை?

அது தரம் குறைந்த டயர் என்பதால் இல்லை. மைலேஜ் கிடைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, குழியில் விழுந்தால் முதுகில் தெரியக்கூடாது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கேட்டு வாங்கிய டயர் அது. அதற்காக ரப்பரைக் கடினமாகவும் பக்கச்சுவரை மெத்தென்றும் செய்கிறார்கள். டிராக்கில் கேட்பது நேர்மாறான குணங்களை.

நாலைந்து சுற்று வேகமாக ஓட்டிவிட்டு பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் இடது முன் டயரைக் குனிந்து பாருங்கள். வலப்புறத் திருப்பங்கள் அதிகமுள்ள டிராக்கில் பாரமெல்லாம் அந்த ஒரு டயர் மேல்தான் ஏறும். வெளி ஓரத்து பட்டன்களின் விளிம்பு கூர்மையை இழந்து உருண்டிருக்கும். மேற்பரப்பில் சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருக்கும். தேய்மானம் தரை தொடும் பகுதியோடு நிற்காமல் பக்கச்சுவரில் எழுத்து இருக்கும் இடம் வரை இறங்கியிருந்தால், திருப்பத்தில் டயர் மடங்கிப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். ரொம்பவும் சூடேறியிருந்தால் பட்டனிலிருந்து துண்டாகவே பிய்ந்திருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் எரிந்த ரப்பர் வாடை அடிக்கும்.

புது டயரில் இது இன்னும் மோசம் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். புதுசில் பட்டன் உயரம் 7, 8 மி.மீ. இருக்கும். உயரமான பட்டன் திருப்பத்தில் அதிகம் நெளியும், நெளிந்தால் உள்ளுக்குள்ளேயே சூடாகும். பாதி தேய்ந்த டயர் காய்ந்த டிராக்கில் புது டயரை விட நன்றாக நிற்பதற்கு இதுதான் காரணம். பந்தயக்காரர்கள் புது டயரின் பட்டனைச் செதுக்கிக் குறைத்துவிட்டு ஓட்டும் வழக்கமே உண்டு.

அப்படியானால் எந்த வகை டயர் வாங்குவது?

ஸ்போர்ட்ஸ் ரகத்து ரோடு டயர். மிச்சிலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, குட்இயர் ஈகிள் எஃப்1 போன்ற குடும்பங்கள் இதில் வரும். நம்ம ஊர்த் தயாரிப்பில் அப்போலோ ஆஸ்பையர், எம்ஆர்எஃப் பெர்ஃபின்சா போன்றவை இந்தத் திசையில் நகர்ந்தவை. முழுக்க டிராக் டயர் என்று நினைத்து வாங்காதீர்கள், ஆனால் சாதாரண டயரை விட ஒரு படி மேல். இதற்கும் மேலே, பள்ளம் குறைந்து ரேஸ் டயரை நெருங்கும் செமி ஸ்லிக் என்று ஒரு ரகம் இருக்கிறது. அது ஏன் உங்களுக்கு வேண்டாம் என்பதைக் கீழே பார்ப்போம்.

"கட்டுப்படி" என்பதைப் பில் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு கணக்குக்கு: சாதாரண டயர் நாலும் 30,000 ரூபாய், ஸ்போர்ட்ஸ் டயர் நாலும் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நாலு டிராக் டேயில் ஓரம் போய்விடுகிறது, இரண்டாவது எட்டு தாங்குகிறது. ஒரு நாளைக்கு 7,500 எதிராக சுமார் 5,600. எண்கள் உங்கள் வண்டிக்கும் காலுக்கும் ஏற்ப மாறும். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் டிராக் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், ரோட்டுக்கு எது நல்லதோ அதை வாங்குங்கள்.

ஐந்தாறு மாடல் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் என் அளவில் எதுவும் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

எல்லோரும் டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அளவைத் தேடுகிறார்கள். வேலையை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் எந்த அளவில் நல்ல டயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன என்று பார்த்து, உங்கள் வண்டி அந்த அளவை ஏற்குமா என்று யோசியுங்கள். மலிவான டயருக்கான வழி பெரும்பாலும் இங்கேதான் திறக்கும், பிராண்டில் இல்லை.

வெர்ட்டஸ் ஜிடியின் அளவு 205/55 ஆர்16; அதாவது 205 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல டிஸ்க் (சக்கர வளையம்). சாதாரண டயருக்குப் பஞ்சமில்லாத அளவு, ஆனால் ஸ்போர்ட்ஸ் ரகத்தில் தேர்வு சுருங்கும். இதன் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ. 225/45 ஆர்17 அளவை எடுத்தால் விட்டம் 634 மி.மீ.; வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஐரோப்பிய செடான்கள் பலவற்றில் வரும் அளவு என்பதால் ஸ்போர்ட்ஸ் டயர் போடும் எந்தக் கம்பெனியும் 225/45 ஆர்17 இல்லாமல் இருக்காது. ஆனால் அதற்கு 17 அங்குல அலாய் வேண்டும், அது தனிச் செலவு. 16 அங்குல டிஸ்க்கிலேயே இருக்க நினைத்தால் 225/50 ஆர்16 விட்டத்தில் அப்படியே பொருந்தும். ஆனால் டிஸ்க் அகலம் போதுமா, முழுதாகத் திருப்பினால் ஃபெண்டர் லைனரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைகளில் கிடைப்பதும் அபூர்வம்.

ஐ20 என் லைன் வைத்திருப்பவர்கள் பாவம். 195/55 ஆர்16 அளவில் கிடைப்பதில் முக்கால்வாசி சிக்கன ரகம்தான்.

எந்த அளவுக்குப் போனாலும் பாரக் குறியீடு குறையக்கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 87 என்றால் 545 கிலோ. வேகக் குறியீட்டில் 'எச்' மணிக்கு 210 கி.மீ., 'வி' 240, 'டபிள்யூ' 270. உங்கள் வண்டி 190-ஐத் தாண்டாது என்றாலும் 'வி' அல்லது 'டபிள்யூ' எடுப்பது நல்லது. அந்த வேகத்தில் பறப்பதற்காக இல்லை. அந்தச் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்ட டயர் என்பதற்காக.

ட்ரெட்வேர் எண் குறைவாக இருந்தால் பிடிப்பு அதிகமா?

ஒரே கம்பெனியின் டயர்களை ஒப்பிட ஓரளவு உதவும். கம்பெனி விட்டுக் கம்பெனி ஒப்பிட்டால் ஏமாற்றும். பக்கச்சுவரில் இருக்கும் இந்தத் தேய்மான எண் அமெரிக்க அரசு வகுத்த முறை. டெக்சாஸில் ஒரு பொது ரோட்டில், ஒப்பீட்டு டயர் ஒன்றுடன் சேர்த்து ஓட்டிப் பார்த்து, அதன் அடிப்படையில் தயாரிப்பாளரே எண்ணைப் போட்டுக்கொள்கிறார். அது தேய்மானத்தைச் சொல்லும், பிடிப்பைச் சொல்லாது. யோகோஹாமா அட்வான் ஏ052, ஹேன்குக் வென்டஸ் ஆர்எஸ்4 இரண்டிலும் 200 என்றுதான் போட்டிருக்கும். முன்னது ஒரு சுற்றில் அசத்தும், சீக்கிரம் கரையும். பின்னது நீண்ட ஓட்டத்துக்குப் பேர்போனது. எண் ஒரே எண்தான், ஆயுளில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

பக்கத்திலேயே 'ஏஏ', 'ஏ' என்று ட்ராக்‌ஷன் எழுத்து இருக்கும். அது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்த முடிவு மட்டும். திருப்பத்தைப் பற்றி அது பேசவே பேசாது.

யூடியூபில் எல்லோரும் 200 ட்ரெட்வேர் டயர் என்கிறார்களே, அதையே வரவழைத்தால் என்ன?

அமெரிக்காவில் 200 என்பது அமெச்சூர் போட்டி விதிகளால் உருவான கோடு. அதனால் அங்கே அந்த ரகத்துக்குப் பெரிய சந்தை, கடும் போட்டி, குறைந்த விலை. தைவானின் ஃபெடரல், நான்காங் போன்ற டயர்கள் அங்கே "ஏழைகளின் டிராக் டயர்" என்று பெயர் வாங்கியது அப்படித்தான். இங்கே 2020 ஜூனில் புது டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை விதியும் உண்டு. அங்கே மலிவாக இருப்பது இங்கே வந்து சேரும்போது மலிவாக இருக்காது.

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த டயர் சூடேறினால்தான் வேலை செய்யும். அதிகப் பிடிப்பு வந்ததும் பிரேக், சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங் எல்லாவற்றுக்கும் பாரம் கூடும். செலவு டயரோடு நிற்காது. இன்னொன்று, ரோடு டயர் பிடியை இழப்பதற்கு முன் கிறீச்சிடும், மெதுவாக வழுக்கும், உங்களுக்கு நேரம் தரும். செமி ஸ்லிக் மௌனமாகப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, அதிக வேகத்தில் திடீரென்று கைவிடும். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் சத்தம் போடும் டயர்தான் நல்ல வாத்தியார்.

எம்ஆர்எஃப், ஜேகே எல்லாம் ரேஸ் நடத்துகிற கம்பெனிகள். அவர்களின் ரோடு டயரும் அப்படித்தானே இருக்கும்?

ரேஸ் டயர் வேறு, ஷோரூம் டயர் வேறு. எம்ஆர்எஃப் அணி சார்பில் ஓட்டிய எஃப்ரேன் யரேனா 2022-ல் ஐரோப்பிய ரேலி பட்டம் வென்றார் என்பது நம் ஊருக்குப் பெருமைதான். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி அது. ஆனால் அந்த ரேலி டயரின் ரப்பர் உங்கள் தெருக்கடை டயரில் இல்லை. பெட்டியில் உள்ள பெயரைப் பார்க்காமல், அந்தக் குறிப்பிட்ட மாடல் யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

ரேஸில் ஓட்டிக் கழித்த ஸ்லிக் டயர் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ரோட்டில் போட முடியாது, போட்டால் சட்டப்படி தப்பு, மழை வந்தால் உயிருக்கே ஆபத்து. டிராக்கில் மட்டும் என்றாலும், பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். பார்வைக்குப் பட்டன் போன அளவு தெரியும், ரப்பர் செத்துப்போனது தெரியாது.

ரோட்டுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் வைத்துக்கொண்டால்?

வருடத்துக்கு ஐந்தாறு டிராக் டேவுக்கு மேல் போகிறவருக்கு நீண்ட நாளில் அதுதான் மலிவு. பழைய கம்பெனி அலாய் நாலு பிடித்து, டிராக் டயரை அதில் ஏற்றிவிடலாம். போலோ, வெர்ட்டஸ், ஸ்லாவியா எல்லாம் 5x100 போல்ட் அமைப்பு (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்) என்பதால் ஒன்றின் டிஸ்க் இன்னொன்றுக்கு ஏற வாய்ப்பு அதிகம். ஆனால் ஆஃப்செட்டையும் (டிஸ்க் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்பதையும் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நாலு டயரை அடுக்கி வைக்க இடமும் வேண்டும். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு டயர் விலையை விட அதுதான் பெரிய பிரச்சினை.

மாற்றி மாட்டினால் போல்ட்டை டார்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள்; ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

எந்த டயர் வாங்குகிறீர்கள் என்பதை விட இதற்குத்தான் பலன் அதிகம், இதற்குச் செலவும் கிடையாது.

காலையில் டயர் 30 டிகிரியில் இருக்கும்போது 32 பிஎஸ்ஐ வைத்திருக்கிறீர்கள். நாலு சுற்றில் உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரி ஆனால் அழுத்தம் கிட்டத்தட்ட 40-க்குப் போய்விடும். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் உப்பித் தரையைத் தொடும், வண்டி ஐஸ் மேல் போவது போல் வழுக்கும். "டயர் சரியில்லை" என்று வருகிற புகாரில் பாதி இதுதான்.

ஆகவே பார்க்க வேண்டியது சூடான அழுத்தம். இந்த எடையுள்ள முன்சக்கர இழுவை வண்டிகளுக்கு, சூட்டில் முன் டயர் 36 முதல் 38 பிஎஸ்ஐக்குள் நிற்கும்படி ஆரம்பித்துப் பாருங்கள். செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே அளந்து, கூடியதைத் திறந்துவிடுங்கள். சாக்பீஸ் அல்லது வெள்ளை ஷூ பாலிஷால் டயரின் வெளி ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடங்களில் கோடு போட்டு அனுப்புங்கள். திரும்பி வரும்போது கோடு எது வரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச்சுவரில் டயர் கம்பெனி போட்டிருக்கும் குட்டி முக்கோணக் குறி வரை அழிந்தால் சரி. அதையும் தாண்டினால் காற்று குறைவு, அதுவரை வரவே இல்லை என்றால் அதிகம். பின் டயரை இரண்டு பிஎஸ்ஐ மாற்றினாலே வண்டி திரும்பும் விதம் மாறும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து நோட்டில் எழுதி வையுங்கள்.

வேகமாக ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள்.

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாதா?

ஏறும். நைட்ரஜனும் காற்று விரிவதைப் போலவேதான் விரியும். ஈரம் இல்லாததால் ஏறும் அளவு கொஞ்சம் ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றே போதும்.

டயரின் வெளி ஓரம் மட்டும் வேகமாகப் போகிறது. பாதி டயர் அப்படியே இருக்க, தூக்கிப் போட மனசு வரவில்லை.

முன் சக்கரம் மேலே உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதாவது நெகட்டிவ் கேம்பர் இருந்தால், திருப்பத்தில் டயர் முழுப் பரப்பும் தரையில் படும். நம் வண்டிகளில் முன் கேம்பரை மாற்றக் கம்பெனி பெரிதாக வழி வைப்பதில்லை. கேம்பர் போல்ட் போட்டால் கொஞ்சம் கிடைக்கும். நல்ல அலைன்மென்ட் கடையில், கம்ப்யூட்டர் பச்சை காட்டினால் போதும் என்று விடாமல், இரண்டு பக்கமும் சமமாகவும் அனுமதித்த எல்லைக்குள் அதிகபட்ச நெகட்டிவாகவும் வைத்துத் தரச் சொல்லுங்கள். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சரியாக இருக்க வேண்டும். ரோட்டில் உள் ஓரத்தை அரைப்பது பெரும்பாலும் டோதான், கேம்பர் மேல் பழி விழும்.

வாங்கும்போதே இன்னொன்றையும் யோசிக்கலாம். அம்புக்குறி போட்ட, ஒரு திசையில் மட்டும் உருள வேண்டிய டயர் என்றால், டிஸ்க்கிலிருந்து கழற்றி எதிர்ப்பக்கத்து டிஸ்க்கில் ஏற்றினால் தேய்ந்த வெளி ஓரம் உள்ளே போய்விடும். பஞ்சர் கடைக் கூலிக்கு இன்னும் சில டிராக் டே கிடைக்கும். 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும் டயரில் இது நடக்காது. அந்தப் பக்கம் எப்போதும் வெளியேதான் இருக்க வேண்டும். அதை முன்பின் மாற்றுவதோடு சரி.

முன்னால் இரண்டு மட்டும் நல்ல டயர் போட்டால் பணம் மிச்சமாகுமே?

இதை மட்டும் செய்யாதீர்கள். முன்னால் நல்ல பிடிப்பு, பின்னால் பழைய கட்டை டயர் என்றால், வேகமான திருப்பத்தில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுழன்று வரும். முன்சக்கர இழுவை வண்டி சுற்றாது என்பது நம்பிக்கை மட்டுமே. நாலும் ஒரே மாடலாக வாங்க முடியாவிட்டால், அடுத்த சம்பளம் வரை காத்திருங்கள்.

மழைக்காலத்தில் இந்த டயர்கள் எப்படி?

நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயர் ஈரத்தில் சாதாரண டயரை விட நன்றாகவே நிற்கும், பட்டன் இருக்கும் வரை. சிக்கல் அதன் கடைசிக் காலத்தில்தான். காய்ந்த டிராக்கில் 3 மி.மீ. பட்டன் அருமையான நிலை. அதே டயரில் நவம்பர் மழையில் பெங்களூர் ஹைவேயில் தண்ணீர் தேங்கிய இடத்தில் 90-ல் போனால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது; ஐப்பசி, கார்த்திகைக்கு 3 மி.மீ. கீழே போகவிடாதீர்கள். தேய்ந்த டயரை ஜனவரிக்குப் பிறகு டிராக்கில் முடித்துக்கொள்ளும்படி திட்டமிட்டால் இரண்டு பக்கமும் லாபம்.

டிராக்கில் திறந்துவிட்ட காற்றை வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடிக்க மறக்காதீர்கள். ஆறியதும் அது 29, 30 பிஎஸ்ஐயில் நிற்கும். குறைந்த காற்றோடு தண்ணீரில் போனால் டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும், குழியில் விழுந்தால் அலாய் வளையும். ஸ்ரீபெரும்புதூர் சர்வீஸ் ரோட்டில் குழிக்குக் குறைவில்லை.

கடையில் "ஃப்ரெஷ் ஸ்டாக்" என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். நாலு டயரிலும் பாருங்கள். மூன்று புதுசாகவும் ஒன்று பழையதாகவும் வருவது உண்டு. ஒரு பக்கத்தில் முழு எண் இல்லாமல் இருக்கலாம், அப்போது டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்குள் உள்ளதை எடுங்கள். ஸ்போர்ட்ஸ் டயர் மெதுவாக விற்கும் சரக்கு என்பதால், இரண்டு வருடப் பழசைத் தள்ளுபடி என்று நீட்டுவார்கள். விலை நிஜமாகவே இறங்கினால், நிழலில் வைத்திருந்தால், ஆறு மாதத்தில் டிராக்கில் முடித்துவிடப் போகிறவர் வாங்கலாம். மூன்று வருடம் ஓட்ட நினைப்பவர் வாங்கக்கூடாது.

பட்டன் இன்னும் இருக்கிறது, ஆனால் முன் போல் பிடிக்கவில்லை. டயர் முடிந்துவிட்டதா?

டிராக்குக்கு முடிந்திருக்கலாம். கட்டை விரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். புதுசில் நகம் லேசாகப் பதிந்தது இப்போது பதியாவிட்டால் ரப்பர் இறுகிவிட்டது. காற்று, அலைன்மென்ட் இரண்டையும் சரிபார்த்த பிறகும் அதே திருப்பத்தில் முன்னை விட வேகம் குறைக்க வேண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பக்கச்சுவர் நன்றாக இருந்து பட்டன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால், வெயில் காலத்தில் ஆபீஸ் போக வர வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் துணி நூல் தெரிந்தாலோ, பட்டன் பிய்ந்த இடத்தில் அடிப்பகுதி தெரிந்தாலோ ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள். பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் அது வேறொருவர் வண்டியில் ஏற வாய்ப்பு உண்டு. பக்கச்சுவரை உங்கள் கண் முன்னால் கீறித் தரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.